மலைவழி: ஏற்றமும் இறக்கமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1889ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. சென்னையில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்து வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலையான கிளிமஞ்சாரோவின் உச்சியில் ஹான்ஸ் மேயர் என்னும் செருமானியரும், லுட்விக் புர்ட்ஷெல்லர் என்னும் ஆஸ்திரிய மலையேறியும் கால் பதித்தனர். ஒன்று ஏட்டுச் சுவடியிலிருந்து ஒரு பழம்பெருமலையை அச்சுக்கு ஏற்றிய செயல். மற்றொன்று மனிதன் தன்னையே ஒரு மலையின்மேல் ஏற்றிய செயல். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணும்போது ஒரு வினா எழுகிறது. மலைவழியில் வழிகாட்டத் தக்கவர் யார்? உச்சியை எட்டியவரா? வழியை அறிந்தவரா? இவ்வுரை அவ்வினாவின் பின்னால் செல்கிறது.

ஆற்றுப்படையின் முதற்பாடம்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டைப் பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். மலையை யானையாகவும், மலையில் எழும் பலவகை ஒலிகளை அந்த யானையின் மதமாகவும் உருவகித்ததால் அப்பெயர் வந்தது. கூத்தர் கூட்டம் ஒன்று நன்னனிடம் பரிசில் பெறப் புறப்படுகிறது. எதிரே பரிசில் பெற்று மீள்கின்ற ஒருவன் வருகிறான். வழி இது, வழியில் இருப்பவை இவை என்று அவன் சொல்லிச் செல்வதே பாட்டு.

அவன் சொல்லும் வழியில் இனிமைகள் உண்டு. குறவர் குடியில் நெய்யில் வெந்த ஊனும் தினைச்சோறும் கிடைக்கும் என்கிறான். ஆனால் அவன் இனிமையோடு நிறுத்துவதில்லை. பன்றிக்குப் பொறி வைத்த இடங்கள் உண்டு, ஆகவே இருளில் செல்லாது பொழுது புலர்ந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்பு மறைந்து கிடக்கும் குழிகள் உண்டு என்கிறான். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண் கற்கள் பாய்ந்து வரும், மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாசி படர்ந்து கால் வழுக்கும் இடங்களில் மூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்துபோங்கள் என்கிறான். நன்னனின் கொடைச் சிறப்பைக் கேட்க வந்த செவிகளுக்குக் குழியையும் வழுக்கலையும் சொல்லுகின்ற துணிவு அந்தப் புலவனுக்கு இருந்தது.

ஆற்றுப்படையின் அமைப்பில் கருதத்தக்கது ஒன்று உண்டு. வழிகாட்டுபவன் மேலே நின்று கைகாட்டி அழைப்பவன் அல்லன். அவன் இறங்கி வந்தவன். போய், பெற்று, மீண்டு, எதிர்ப்பட்டவன். மீளும் வழியையும் அறிந்தவன் என்பதனாலேயே அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. ஏறியவர் எல்லாரும் வழிகாட்டிகள் ஆவதில்லை. இறங்கி வந்தவரே வழிகாட்டி ஆகிறார். மலையேற்றத்தின் இன்றைய நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் உண்மையைத் தமிழ் ஓர் இலக்கிய வகையின் இலக்கணமாகவே வகுத்து வைத்திருக்கிறது.

மெல்ல மெல்ல

கிளிமஞ்சாரோ தான்சானியா நாட்டில் இருக்கிறது. உயரம் 5,895 மீட்டர். கிபோ, மாவென்சி, ஷிரா என்னும் மூன்று எரிமலைக் கூம்புகள் சேர்ந்தது இம்மலை. வேறு மலைத்தொடர் எதனோடும் ஒட்டாமல் சமவெளியிலிருந்து தனித்து எழுவது. தமிழ்நாட்டில் அதன் பெயரைச் சிறுவர்களின் வாயிலும் தவழவிட்டது 2010இல் வெளிவந்த ஒரு திரைப்படப் பாடல். அப்பாடல் படமாக்கப்பட்டதோ பெரு நாட்டின் மச்சு பிச்சுவில். பெயர் ஒரு கண்டத்திலும் காட்சி வேறொரு கண்டத்திலுமாகத் தமிழரின் மனத்தில் அந்த மலை நிற்கிறது.

கயிறும் பனிக்கோடரியும் இன்றிக் கால்நடையாகவே உச்சியை அடையலாம் என்பதால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே செல்கின்றனர். ஆனால் வழிகாட்டி இல்லாமல் எவரும் ஏற முடியாது. 1991 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்வது கட்டாயமாயிற்று. ஐந்து நாள் முதல் ஒன்பது நாள் வரை நடக்கும் பயணத்தில் புதியவரின் காதில் முதலில் விழுவதும் மிகுதியாக விழுவதும் ஒரே சுவாகிலிச் சொல்தான்: போலே போலே. மெல்ல மெல்ல என்பது அதன் பொருள்.

நகரத்திலிருந்து வந்தவருக்கு அச்சொல் முதல் நாளில் வேடிக்கையாகப்படும். இரண்டாம் நாளில் எரிச்சல் தரும். நான்காம் நாளில் வேதமாகிவிடும். காரணம் எளியது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்றில் உயிர்வளியின் பங்கு மாறுவதில்லை. ஆயினும் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது குறைகிறது. உச்சியில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. உடல் இக்குறைவுக்குப் பழக நாள் வேண்டும். கால்வலிமை உடையவன் வேகமாக ஏறிவிடலாம்; அவனுடைய குருதி அவ்வளவு வேகமாக ஏறாது. வலிய இளைஞர் சிலர் வழியில் வீழ்வதும், வயதில் மூத்தோர் சிலர் நிதானமாக உச்சியை அடைவதும் அதனால்தான்.

வழியின் அழகை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அடிவாரத்தில் சக்கா மக்களின் வாழைத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் உள்ளன. அதற்குமேல் மழைக்காடு. அதற்குமேல் புதர்நிலம். அதற்குமேல் கல்லும் மண்ணுமேயான உயர்மலைப் பாலை. கடைசியில் பனி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் நின்றுகொண்டே சில நாள் நடையில் வெப்ப நாட்டிலிருந்து துருவ நாட்டுக்குச் சென்றுவிடலாம். திணைகளைப் படித்தவர்க்கு அந்த மலை திணைமயக்கமாகவே தோன்றும்.

இடையே இரண்டு செடிகள் பாவலர் கண்ணுக்கு உரியவை. ஒன்று மரம்போல் வளரும் பெருஞ்செனிசியோ. அது தன் உதிர்ந்த இலைகளை உதறிவிடுவதில்லை. இறந்த இலைகளையே போர்வையாகத் தண்டைச் சுற்றி வைத்துக்கொண்டு இரவின் உறைபனியிலிருந்து தப்புகிறது. மற்றொன்று பெருலொபீலியா. பகலில் விரிந்த இலைகளை இரவில் குவித்து நடுக்குருத்தைக் காக்கிறது. பகலில் கோடையும் இரவில் மாரியுமாக நாள்தோறும் மாறும் அவ்விடத்தில் பழையதை உதறாமலும் இரவில் தன்னைக் குவித்தும் உயிர் வாழ்கின்றன அவை.

மச்சாமே என்னும் வழியில் செல்வோர்க்கு மூன்றாம் நாள் ஒரு புதிரான நாள். ஏறத்தாழ 3,800 மீட்டரில் உள்ள ஷிரா முகாமிலிருந்து காலையில் புறப்பட்டு, எரிமலைக் குழம்பு உறைந்து கோபுரமாக நிற்கும் ஓரிடத்துக்கு ஏறுவார்கள். அது ஏறத்தாழ 4,600 மீட்டர். தலை வலிக்கும், பசி அற்றுப்போகும். அங்கே உச்சி இன்னும் அருகில் தெரியும். அப்பொழுது வழிகாட்டி கீழ்நோக்கி நடக்கத் தொடங்குவார். மாலையில் சேரும் பராங்கோ முகாம் 4,000 மீட்டருக்கும் தாழ்ந்தது. நாள் முழுதும் ஏறி இறங்கியபின் கணக்கிட்டால் ஈட்டிய உயரம் நூறு மீட்டர் அளவே. முதன்முறை செல்பவர்க்கு அது வீண் உழைப்பாகத் தோன்றும். ஆனால் உயரத்தில் நடந்து தாழ்வில் உறங்குதல் என்னும் இம்முறையே உடலைப் பழக்குகிறது. அந்த நாளின் இறக்கம் இல்லாமல் கடைசி நாளின் ஏற்றம் இல்லை.

இரவும் உச்சியும்

மலைபடுகடாத்தின் வழிகாட்டி இருளில் நடவாதீர் என்றான். கிளிமஞ்சாரோவின் வழிகாட்டியோ நள்ளிரவில் எழுப்பிவிடுகிறார். இரவில் உறைந்த சரளை மண் காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். பகலில் அது இளகிச் சரியும். வானம் தெளிந்திருக்கும். அன்றே உச்சியைத் தொட்டு, அன்றே வெகுதூரம் இறங்கவும் வேண்டும். ஆகவே பராஃபு முகாமிலிருந்து நெற்றி விளக்குகளோடு ஒரு வரிசை புறப்படுகிறது. இருட்டில் முன்னால் செல்பவரின் குதிகாலைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் வரை அந்தக் குதிகாலே உலகம். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். ஓர் அடி, ஒரு மூச்சு. மறு அடி, மறு மூச்சு என்பதே யாப்பாகும். வழிகாட்டிகள் பாடுவார்கள். பாட்டுக்கு நேரம் போக்குவது மட்டும் வேலையன்று. கூடப் பாடுகிறவர் யார், வாயடைத்துப் போனவர் யார், சொல் குழறுகிறவர் யார் என்று செவியால் எண்ணிக்கொண்டே அவர்கள் நடக்கிறார்கள்.

கிழக்கே மாவென்சிக்குப் பின்னால் வானம் சிவக்கும்போது எரிமலை வாயின் விளிம்பு வரும். அங்கிருந்து மேலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு ஒரு மரப்பலகை. அங்கே அழுபவர் உண்டு, சிரிப்பவர் உண்டு, எதுவும் தோன்றாமல் நிற்பவரே பலர். குளிரும் உயரமும் அங்கே நெடுநேரம் தங்கவிடுவதில்லை. வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார் என்றால் உச்சி முடிந்துவிட்டது என்பது பொருள்.

இறங்கும் நாளே பெரிய நாள். இரவில் ஏறத்தாழ 1,250 மீட்டர் ஏறிய அதே கால்கள், அதே பகலில் 2,800 மீட்டர் அளவு இறங்கி 3,100 மீட்டரில் உள்ள முவெக்கா முகாமைச் சேர வேண்டும். ஏறும்போது நெஞ்சு வலிக்கும். இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஏறும்போது ஆசை இழுத்துச் செல்லும். இறங்கும்போது இழுக்க ஒன்றும் இல்லை. கவனம் தளர்கிறது. கால் இடறுவது அப்பொழுதுதான்.

திரும்பச் சொல்லும் சொல்

வழிகாட்டியின் சொற்களில் மிகக் கடினமானது திரும்பு என்பதே. உயரநோய் முற்றினால் நுரையீரலில் நீர் சேரும், அல்லது மூளை வீங்கும். மூளையைத் தாக்கும்போது நடை தள்ளாடும், சொல் குழறும், தீர்மானிக்கும் அறிவு மங்கும். இதில் உள்ள கொடுமையை நோக்குதல் வேண்டும். தான் நலமாக இருப்பதாக உறுதியாகச் சொல்லும் நாவே நோயுற்ற நாவாக இருக்கலாம். தன்னை அளக்கும் கோலே வளைந்துவிட்டபின் ஒருவர் தன்னை அளந்துகொள்ள இயலாது. ஆகவேதான் குதிகாலும் விரலும் தொட நேர்க்கோட்டில் நடந்து காட்டச் சொல்கிறார் வழிகாட்டி. நடக்க முடியாவிட்டால் மருந்து, உயிர்வளி எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யத் தக்கது ஒன்றே: இறக்குதல்.

ஆனால் அச்சொல்லைச் சொல்பவர் யார், கேட்பவர் யார்? கேட்பவர் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டுக் கடல் கடந்து வந்தவர். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர். சொல்பவர் அவரிடம் கூலியும் அன்பளிப்பும் பெறும் நிலையில் இருப்பவர். உச்சிக்கு அழைத்துச் செல்லாத வழிகாட்டி என்ற பெயர் வந்தால் அடுத்த பருவத்தில் வேலை குறையலாம். பணம் கொடுத்தவர் சொல்வதா, பாதை அறிந்தவர் சொல்வதா என்ற போராட்டம் அந்த இருட்டில், அந்தக் குளிரில் தீர்க்கப்பட வேண்டும். வழிகாட்டியின் தகுதி வழி தெரிந்திருப்பதோடு முடிவதில்லை. தனக்குச் சோறிடுபவரின் முகம் சுளிக்கும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லும் நெஞ்சுரமும் அதில் அடங்கும். புலவர்க்கும் புரவலர்க்கும் இடையே பண்டு நிலவிய உறவை அறிந்த அவைக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

அச்சொல் சொல்லப்படாதபோது என்ன ஆகும் என்பதற்கு எவரெஸ்ட் சான்று. 1996 மே 10, 11 நாள்களில் அங்கே வீசிய புயலில் எட்டுப் பேர் மாண்டனர். அவர்களுள் ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்னும் பெயர்பெற்ற இரண்டு வழிகாட்டித் தலைவர்களும் இருந்தனர். பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே வழங்கிய நெறி. அன்று அந்த எல்லையைக் கடந்தும் பலர் மேலேறிக்கொண்டிருந்தனர். பலமுறை அம்மலையை அறிந்தவர்களையும் உச்சியின் ஆசை தடுமாறச் செய்தது. எல்லையை வகுப்பது எளிது. எல்லை வந்தபோது நிற்பதே அரிது.

தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். மலையை விரும்பிச் சென்றதைத் தவிர அவர்கள் செய்த பிழை ஒன்றும் இல்லை. பங்குனிக்கு முன்னைய நாள்களில் புல் எவ்வளவு காய்ந்திருக்கும், காற்று எந்த வேளையில் எப்பக்கம் திரும்பும், தீ கண்டால் எந்தச் சரிவில் ஒதுங்குவது என்பன அங்கேயே பிறந்து வளர்ந்தவர்க்குக் கைவந்த அறிவு. அந்த அறிவு ஏறுவோரின் அருகில் இருத்தல் வேண்டும் என்பதை நாடு உயிர்களை இழந்து கற்றது. அதே ஆண்டில் மலையேற்றத்திற்குத் தமிழ்நாட்டில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024இல் நாற்பது மலைவழிகளைக் கொண்டு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில், அந்தந்த மலைகளில் வாழும் இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். குறவர் காட்டிய வழியில் கூத்தர் சென்ற பழைய முறைக்கு இது ஒரு மீட்சி எனலாம். அம்மீட்சிக்குக் கொடுத்த விலையோ மிகப் பெரிது.

சுமப்பவர்

கிளிமஞ்சாரோவில் ஒருவர் உச்சியைத் தொட மூன்று நான்கு பேர் சுமக்கின்றனர். கூடாரம், அடுப்பு, அரிசி, முட்டை, நாற்காலி எல்லாம் தலைமேலும் தோள்மேலும் செல்கின்றன. பராஃபு முகாமில் தண்ணீர் இல்லை. கீழே உள்ள கரங்கா பள்ளத்தாக்கிலிருந்து அதையும் சுமந்துதான் ஏற வேண்டும். ஏறுபவர் கையை வீசிக்கொண்டு மெல்ல மெல்ல நடக்கையில், சுமப்பவர் அவரைக் கடந்து விரைந்து சென்று, அவர் வந்துசேருமுன் கூடாரம் அடித்து வெந்நீர் வைத்திருப்பார். ஏறுபவர்க்கு மெல்ல நடத்தல் மருந்து. சுமப்பவர்க்கு அந்த மருந்து வாய்ப்பதில்லை.

ஒருவர் சுமக்கத் தக்கது 20 கிலோ என்று எல்லை வகுக்கப்பட்டுள்ளது. வாயிலில் மூட்டைகள் நிறுக்கப்படுகின்றன. ஆயினும் போதிய கூலியின்மை, ஒழுங்கான காலணியின்மை, ஒருவேளை உணவு ஆகியவை நீண்டகாலக் குறைகளாக இருந்தன. இவற்றைப் போக்கவென்றே 2003இல் சுமைதூக்குவோர் உதவித் திட்டம் ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. அது கம்பளி உடைகளை இரவல் தருகிறது. எந்தக் குழு தன் ஆள்களை முறையாக நடத்துகிறது என்று கண்காணிக்கிறது. உச்சியில் எடுக்கும் ஒளிப்படத்தில் இவர்கள் இருப்பதில்லை. அந்நேரத்தில் கீழ் முகாமில் வருபவர்க்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

வரலாற்றின் ஒளிப்படத்திலும் அப்படியே. 1848இல் செருமானியச் சமயப் பணியாளர் யோகன்னஸ் ரெப்மான் இம்மலையின் உச்சியில் பனி கண்டதாக எழுதியபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் பனி இருக்க முடியாது என்று லண்டனில் அறிஞர் சிலர் ஏளனம் செய்தனர். ரெப்மானுடன் சென்ற வழிகாட்டி அந்த வெண்மையைக் குளிர் என்றே சொன்னதாக அவர் குறிப்பு கூறுகிறது. நூலறிவு இல்லை என்று மறுத்ததை உடலறிவு ஒரே சொல்லில் பெயரிட்டிருந்தது. 1889இல் மேயர் உச்சிக் கல்லை எடுத்துச் சென்று தம் பேரரசருக்கு அளித்தார்; உச்சிக்கும் பேரரசரின் பெயரையே இட்டார். ஆனால் அந்த உயர்ந்த முகாமில் குளிரைத் தாங்கி அவர்களுக்காகத் தங்கியிருந்த முயினி அமானியின் பெயரை அறிந்தவர் சிலரே. மரங்கு ஊரின் யோகானி கின்யாலா லாவோ அப்பயணத்தில் வழிகாட்டியாகச் சென்றவர் என்பது அவ்வூர் மக்கள் போற்றிவரும் மரபு. அவர் உச்சிவரை சென்றாரா என்று அறிஞர்கள் வழக்காடுகின்றனர். உச்சிவரை சென்றாரா என்பதையே ஒரே வினாவாகக் கொள்வதும் உச்சி ஆசையின் மற்றொரு முகம்தான். 1961 டிசம்பரில் நாடு விடுதலை பெற்றபோது அலெக்சாந்தர் நியிரெண்டா என்னும் படை அதிகாரி அவ்வுச்சியில் விளக்கேற்றினார். பேரரசரின் பெயர் நீங்கி, சுவாகிலியில் விடுதலை என்று பொருள்படும் உகுரு என்னும் பெயர் நிலைத்தது. சுமப்பவர் தோள்களுக்கு அந்தப் பெயரின் பொருள் முழுதும் சென்றுசேர இன்னும் வழி உண்டு.

உருகும் உச்சி

இன்னோர் இறக்கமும் உண்டு. அது மலையினுடையது. 1936இல் எர்னஸ்ட் ஹெமிங்வே தம் புகழ்பெற்ற சிறுகதைக்கு இம்மலையின் பனியைத் தலைப்பாக வைத்தார். அந்தப் பனி விரைந்து குறைந்துவருகிறது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு 2007க்குள் மறைந்துவிட்டதாக 2009இல் வெளிவந்த ஆய்வு கூறியது. எஞ்சியதும் 2050க்குள் மறையக்கூடும் என்று யுனெஸ்கோ 2022இல் எச்சரித்தது. ஆண்டுகள் பல இம்மலையில் நடந்த வழிகாட்டிகள், முன்பு பனிச்சுவர் நின்ற இடத்தைக் கைகாட்டி, வெறுங்கல்லைக் காட்டுகின்றனர். இல்லாததைக் காட்டுவதும் வழிகாட்டியின் தொழிலில் சேர்ந்துவிட்டது. இது பாவலர் நெடுங்காலமாகச் செய்துவரும் தொழில்.

புல்முடி

மலைப்பயணத்தின் ஏற்ற இறக்கங்களைத் தொகுத்தால் கிடைப்பவை இவை. இறங்கக் கற்ற உடலே ஏறுகிறது. ஏறியவருக்குப் பின்னால் சுமந்தவர் இருக்கிறார். எல்லை வந்தபோது திரும்பு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இறங்கி வந்து பழகியவராக இருத்தல் வேண்டும். அவர் சொல்லைக் கேட்கும் பணிவும் ஏறுபவருக்கு வேண்டும்.

இலக்கிய வட்டம் ஒன்றிற்கு இவை புறம்பானவை அல்ல. எழுதத் தொடங்கும் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு மலையடிவாரத்தில் நிற்கிறார். அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அணிந்துரைகள். அணிந்துரைகள் எல்லாம் உச்சியையே காட்டுகின்றன. பாசி படர்ந்த கல்லைக் காட்டும் அணிந்துரை அரிது. முதல் நூலுக்குப் பின்வரும் வறட்சி, பாராட்டு மங்கியபின் வரும் தலைவலி, நாள் முழுதும் எழுதி நூறு மீட்டர்கூட ஏறாத நாள்களின் சோர்வு ஆகியவற்றை மூத்தோர் சொல்லாமல் விடுகின்றனர். இளையோர் அவற்றைத் தமக்கு மட்டுமே நேர்ந்த தோல்வி என்று கருதி எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். இந்தக் கவிதை இங்கே முடிந்துவிட்டது, இதற்குமேல் ஏற்றாதே, திரும்பு என்று சொல்லும் ஒரு குரல் ஒரு வட்டத்தில் இருக்குமானால், அது நூறு அணிந்துரைகளுக்கு ஈடாகும்.

மலைபடுகடாத்தின் வழிகாட்டி ஓரிடத்தில் நுட்பமான அறிவுரை ஒன்று தருகிறான். பல வழிகள் கூடி மயக்கம் தரும் இடத்தை அடைந்தால், அவ்விடத்தைத் துடைத்துத் தெளிவாக்கி, செல்லும் வழியில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பின்னால் வருபவர் அந்த முடிச்சைக் கண்டு வழி அறிவார்கள். பரிசிலுக்காகப் போகிறவர்கள் தாம். பசியோடும் நெடுந்தூரம் நடந்த களைப்போடும் போகிறவர்கள்தாம். அவர்களிடம் கூட, பின்வருபவர்க்காக ஒரு நொடி குனியச் சொல்கிறது அப்பாட்டு. உச்சியில் நாட்டும் கொடியைக் காற்று கிழித்துவிடுகிறது. புல்முடியும் நெடுநாள் நிற்பதன்று. ஆயினும் அடுத்து வருபவர் வரும்வரை நின்றால் அதற்குப் போதும். அவர் வந்து தம் பங்குக்கு ஒரு புல்லை முடிந்து வைப்பார்.

பத்தாண்டு நிறைவு என்பது உச்சி அன்று. மயங்கும் வழிகள் கூடும் ஓரிடம். இவ்வட்டத்தினர் அவ்விடத்தில் சற்றுக் குனிந்து, தாம் கடந்துவந்த குழிகளையும் வழுக்கல்களையும் மறைக்காமல் குறித்து, பின்வரும் இளைய பாவலர்க்கு ஒரு புல்லை முடிந்து வைத்துச் செல்வார்களாக. வழி நெடியது, மெல்ல மெல்ல நடந்தால் போதும்.